சோதனையில் உள்ளது

எங்கள் வீட்டு இன்டர்நெட் மோடத்தின் ஸ்விட்சில் பல மாதங்கள் ஒரு சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ‘சோதனையில் உள்ளது. தொடாதே’ என்று அப்பா தன் கையால் எழுதி, நூல் கோத்துக் கட்டியது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ கதிர்வீச்சுச் சமாச்சாரம் என்று நினைத்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் பராமரிப்பு வேலை. சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கடலோரக் குடியிருப்பில் எங்களுக்கு வீடு. அவர்கள் வேலையில் ஒரு விதி உண்டு. எந்த இயந்திரத்தையாவது பழுது பார்க்க நிறுத்தினால் அதன் ஸ்விட்சில் அட்டையைத் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டவர்தான் அதைக் கழற்ற வேண்டும். மேலதிகாரியே வந்தாலும் கை வைக்கக் கூடாது. இந்த விதியை அப்பா நிலையத்தின் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி என்று எங்கள் வீட்டில் எல்லாமே அட்டைக்குக் கட்டுப்பட்டவை. ஒரு தடவை மிக்ஸியில் அட்டையை மாட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அன்று நாங்கள் இட்லியைச் சர்க்கரை தொட்டுக்கொண்டு தின்றோம். அம்மா கோபத்தில் அப்பாவை என்னென்னவோ சொன்னாள், ஆனால் அட்டையைத் தொடவில்லை.

என் அண்ணன் என்னைவிடப் பல வயது மூத்தவன். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவன், மூன்றாம் வருஷத்தில் படிப்பை நிறுத்திவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான். அங்கே ஒரு கம்பெனியில் வீடியோ கேம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. பரீட்சையில் தவறியிருந்தால் அப்பா மன்னித்திருப்பார். யாரையாவது காதலித்திருந்தால்கூட ஆற அமர யோசித்திருப்பார். விளையாடுவதற்குச் சம்பளம் என்பதை மட்டும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

“விளையாடறது இல்லப்பா. ஆடிப் பாத்து எங்க கோளாறு கீதுன்னு கண்டுபுடிக்கணும்” என்றான் அண்ணன்.

“இன்னா வேணா கண்டுபுடி. என்கிட்ட பேசாத” என்றார் அப்பா.

அப்பாவின் வேலையும் கோளாறு கண்டுபிடிப்பதுதான் என்பது வீட்டில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. அன்றிலிருந்து அண்ணன் போன் செய்தால், அப்பா ரிசீவரைச் சூடான பாத்திரம் மாதிரி அம்மாவிடம் தள்ளிவிட்டுக் கொல்லைப்புறம் போய் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

யாரும் என்னைக் கண்டுகொள்ளாமலே போய்விட்ட வருஷம் அது. அம்மாவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கிக் கதவைத் திறந்தால், உள்ளே அலைச் சத்தம் மட்டும்தான் இருக்கும். அண்ணன் இருந்தவரை அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. எங்களிடம் கேசட் போட்டு ஆடும் பழைய டி.வி. கேம் ஒன்று இருந்தது. அதில் இரண்டு ஜாய்ஸ்டிக். ஒன்றை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் பிடித்துக்கொண்டு, நானே நானும் அண்ணனுமாக ஆடுவேன். யார் ஜெயித்தாலும் அழுகைதான் வந்தது.

அப்படியிருக்கும்போதுதான் கூரியரில் அந்தப் புதுப் பெட்டி வந்தது. அண்ணன் அனுப்பிய கேம் கன்சோல், கூடவே காதில் மாட்டிக்கொள்ளும் மைக். அவனிடம் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. இரண்டையும் இன்டர்நெட்டில் இணைத்துவிட்டால் அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே கார்ப் பந்தயத்தில் ஓடலாம், பேசிக்கொண்டே ஓடலாம் என்று போனில் சொன்னான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இணைப்புத்தான் வரவில்லை. மோடத்தில் விளக்குகள் எரியும். போனில் அண்ணனிடம் கேட்டுக்கொண்டே பெட்டியில் சோதனையை ஓட்டினால், பாதி வரை போய்த் ‘தோல்வி’ என்று காட்டும். நான் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பேன். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பான். கேபிளைக் கழற்றி மாட்டு, மோடத்தை அணைத்துப் போடு, திரும்பச் சோதனையை ஓட்டு. எல்லாம் செய்வேன். மறுபடியும் தோல்வி. போனை வைத்தால் சில சமயம் ஒரு விளக்கு தானாகப் பச்சையாகும். சந்தோஷத்தில் அதை அண்ணனுக்குச் சொல்லப் போனை எடுத்தால் மறுபடியும் அணைந்துவிடும். அந்தப் பெட்டிக்கு என் மேல் ஏதோ விரோதம் என்று முடிவு செய்து, ஒருநாள் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார்.

“இன்னாடா?”

“நெட் வரலப்பா.”

பெட்டியை யார் அனுப்பியது என்று அவருக்குத் தெரியும். சட்டையைக் கழற்றாமலே டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, ஒயரின் பின்னாலேயே ஊர்ந்து போனார். படுக்கையறையில் இன்னொரு போன் இருந்தது. அந்த லைனை இழுத்தவர் அவர்தான். போன் சத்தத்தையும் நெட்டையும் பிரிக்கும் சின்ன டப்பாவுக்கு முன்னாலேயே அந்த ஒயர் பிரிந்து போயிருந்தது. அதனால் யார் போனை எடுத்தாலும் நெட் அறுந்துபோகும்.

“நீ அவங்கிட்ட கேட்டுகினே செஞ்சிருக்க. அதான் வரல” என்றார். ஒயரை மாற்றிக் கட்டினார். சோதனை ஓடிக் கடைசி வரை போனது. நான் குதித்தேன். அவர் மட்டும் அலமாரியிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார்.

“வந்துடுச்சே, அப்புறம் எதுக்குப்பா?”

“ஒரு தரம் ஓடிச்சின்னா எல்லாம் சரியாயிட்ச்சின்னு இல்ல. ரிப்பேர் பண்ணதை கொஞ்ச நாளு வாட்ச் பண்ணணும்.”

எங்கள் இன்டர்நெட் திட்டத்தில் காலை எட்டு மணி வரை எவ்வளவு இழுத்தாலும் காசு கிடையாது. அண்ணனும் ராத்திரி வேலை முடித்து விடிந்தபிறகுதான் அறைக்கு வருவான். ஆகவே ஞாயிறு காலை ஏழிலிருந்து எட்டு வரை என்று வைத்துக்கொண்டோம். அப்பா நைட் ஷிப்ட் என்றால் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்து அட்டையைக் கழற்றுவார். அவர் காலை ஷிப்ட் போகும் வாரங்களில் ஆட்டமே கிடையாது. அந்த ஞாயிறுகளில் நான் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உலகத்தில் யாருக்கும் இப்படியொரு அப்பா வாய்த்திருக்க மாட்டார் என்று தோன்றும்.

கழற்றிவிட்டுப் போவாரா என்றால் அதுவும் இல்லை. டீ டம்ளரோடு எனக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். அண்ணன் குரல் காது மைக்கில் வரக் கூடாது, டி.வி.யில்தான் வர வேண்டும் என்று அவரே ஏற்பாடு செய்துவிட்டார். சோதிக்கிறவன் எல்லாவற்றையும் கேட்க வேண்டுமாம். பின்னாலிருந்து மெல்லிய குரலில் சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கும்.

“அங்க மழையான்னு கேளு. மழைன்னா லைன் வீக்காவும்.”

கேட்பேன். மழை, ஜன்னல் ஒழுகுகிறது என்பான் அண்ணன்.

“அவன் மோடம் சமையல்கட்டுல கீதான்னு கேளு. சூட்டுல கெட்டுடும்.”

“சமையல்கட்டே இல்லடா. மெஸ்ஸுலதான் துன்றோம். ஒரே சோடா உப்பு” என்று டி.வி. சொல்லும். உள்ளே அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுபோகும்.

ஒரு வாரம் நடுநடுவே கரகரவென்று சத்தம் வந்தது. அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“இது லைன் கோளாறா, இருமலான்னு கேளு.”

கேட்டேன். இருமல்தான் என்றான் அண்ணன். அந்த வாரம் முழுக்க அப்பா மோடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் தவறாமல் ஒரு கேள்வி கேட்பான். “அப்பா இன்னா பண்றாரு?” அப்பா உடனே கையை ஆட்டிச் சைகை காட்டுவார். “தூங்குறாரு” என்பேன் நான். “சரி, தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு இன்னும் உரக்கப் பேச ஆரம்பிப்பான். பெங்களூர் தூரம் அல்லவா, அதனால்தான் கத்துகிறான் என்று நினைத்தேன்.

எனக்கு இதெல்லாம் பெரிய தொல்லையாக இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என் அண்ணன் கிடைக்கிறான். அதையும் மழைக்கும் மோடத்துக்கும் பங்கு போட வேண்டியிருந்தது. பள்ளியில் யாரிடமும் சொல்ல முடியாத விஷயங்கள் அவனிடம் சொல்ல நிறைய இருந்தன. பின்னால் அப்பா டீ உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது எதைச் சொல்வது?

மோடத்தைப் போடாவிட்டாலும் கன்சோல் தனியாக ஓடும். ஒரு சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாதபோது, டி.வி. திரையில் அதன் மெனுவை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். குரல் எங்கே வர வேண்டும் என்பதற்கு ஓர் இடம் இருந்தது. டி.வி.யிலிருந்து காது மைக்குக்கு மாற்றினேன். நான் செய்த முதல் ரிப்பேர் அது. பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிறு அப்பா அட்டையைக் கழற்றி, மோடத்தைப் போட்டுவிட்டு வழக்கம்போல உட்கார்ந்தார். டி.வி.யில் கார்களின் உறுமல் மட்டும் வந்தது.

“வாய்ஸ் வரலியே.”

“வருதுப்பா. என் காதுல வருது. நானே சரி பண்ணிட்டேன்.”

அவர் மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்ப டெஸ்ட்டு முடிஞ்சிச்சின்ற.”

“முடிஞ்சிச்சுப்பா. இனிமே நீங்க உக்கார வேணாம்.”

கொஞ்ச நேரம் கார்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “எட்டு மணிக்கு மறக்காம ஆஃப் பண்ணு” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போனார். டீ பாதி அப்படியே இருந்தது.

அன்று அண்ணன் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தான். குரல் காதைப் பிளந்தது.

“இருமல் சுத்தமா போயிட்ச்சிடா. சம்பளம் ஏத்திகீறாங்க. பொங்கலுக்கு லீவு கேட்டா குடுப்பாங்க. வூட்டுக்கு வரலாமான்னு யோசிச்சிகினு கீறேன். வரலாமா? இன்னா சொல்ற?”

அடுத்த அறையில் இருப்பவருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னான். நான் மைக்கின் சத்தத்தைக் குறைத்தேன்.

“ஏன் கத்துற? மெதுவா பேசு. இப்ப டி.வி.ல வராது. எனக்கு மட்டுந்தான் கேக்குது.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மோடத்தைப் பார்த்தேன். விளக்குகள் எல்லாம் பச்சையாகவே எரிந்தன.

“இன்னா ஆச்சு? கேபிளைக் கழட்டி மாட்டட்டா?”

“வேணாம். எல்லாம் சரியாத்தான் கீது. நீ ஆடு” என்றான் அண்ணன்.

அதுவரை அவனை நான் ஒரு பந்தயத்தில்கூட ஜெயித்ததில்லை. அன்று எட்டு மணி அடிப்பதற்குள் ஓடிய எல்லாவற்றிலும் நான்தான் முதலில் வந்தேன். ஆட்டத்தில் நன்றாகத் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.