ஜெட் படகுக்கு ஊற்றிய ஒரு குடம் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் சித்தூரில் ஓர் அரசு வண்டிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். ஜீப்பும் லாரியும்தான் என் பிழைப்பு. அந்தப் பட்டறையின் மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய ஜெட் படகு கிடந்தது. வெள்ள மீட்புக்கென்று எங்கிருந்தோ கை மாறி வந்தது. மற்ற மோட்டார் படகுகளைப் போல இதற்குப் பின்னால் விசிறி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும், அந்த வேகத்தில் முன்னால் பாயும். முழங்கால் அளவு தண்ணீரிலும் போகும், முள்ளும் கல்லும் மாட்டாது. எங்கள் பக்கத்து ஓடைகளுக்கு இதைவிடத் தோதான படகு கிடையாது. ஆனால் ஓட வேண்டுமே!

ஒரு வருடம் ஐப்பசி மழையில் வெதுருகுப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது. லாரியில் படகை ஏற்றிக்கொண்டு போனோம். தண்ணீரில் இறக்கி ஸ்டார்ட் செய்தால், என்ஜின் நாலு முறை இருமிவிட்டு நின்றது. உள்ளே என்ஜினின் இரும்புக் கூடான பிளாக்கே விரிசல் விட்டிருந்தது. நான் என்ன செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. அக்கரையில் ஒருவர் துண்டை ஆட்டிக்கொண்டே நின்றார். அவர் மனைவிக்குப் பிரசவ வலி. மறுநாள் காலை வாழைத்தண்டுத் தெப்பத்தில் அந்த அம்மாவைக் கொண்டுவந்தார்கள். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அந்த மனிதர் கரையேறிப் படகை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அன்று முதல் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அடுத்த மழைக்காலம் நெருங்கியபோது, படகை ஏலத்தில் தள்ளிவிடலாம் என்றார் எங்கள் அதிகாரி. ஓடாத ஜீப் ஒன்று பட்டறையில் நிற்கிறது, அதன் என்ஜின் நல்ல என்ஜின், அதை இறக்கிப் படகில் வைக்கிறேன் என்று நான் வீம்பு பிடித்தேன். "தீபாவளிக்குள்ள ஓடலைன்னா ஏலம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வழக்கமான வேலை முடிந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் படகில் உட்கார்ந்தேன். ஜீப் என்ஜினுக்கும் படகின் ஷாஃப்டுக்கும் நடுவே வைக்க லேத்தில் புதிதாக ஒரு கப்ளிங் கடைந்தேன். தாங்கிகளை மாற்றி வெல்டிங் செய்தேன். இரண்டு மாதத்தில் என்ஜின் படகில் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் கெடுத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் பூஜைக்கு முந்தின நாள் ஸ்பானர்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அடுக்குவது நான்தான். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சந்தனம், குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்ததும், உள்ளே இருக்கும் எல்லா வண்டியையும் ஸ்டார்ட் செய்து ஒரு முறை உறுமவிட வேண்டும். அன்றைக்கு எந்த வண்டியும் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. ஜீப்புகள் உறுமின, லாரி உறுமியது. கடைசியில் எல்லோரும் படகைப் பார்த்தார்கள். இரண்டு மாத உழைப்பாயிற்றே, நானும் மனுஷன்தானே! கட்டை மேல் நின்ற படகில் ஏறி ஸ்டார்ட் செய்து நன்றாக முறுக்கினேன். பட்டறையே கை தட்டியது. குளிர்விக்கத் தண்ணீர் இல்லையே, என்ஜின் சூடாகிவிடுமே என்று அதை மட்டும் யோசித்து இரண்டு நிமிடத்தில் அணைத்தேன். ஏதோ கருகின வாடை வந்தது. புதுப் பெயிண்ட் காய்கிறது என்று நினைத்துப் பொரி தின்னப் போய்விட்டேன்.

மறுநாள் ஈரத்துணியால் படகைத் துடைத்தேன். தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சும் ஜெட் பெட்டியின் மேல் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. இரண்டு மாதமாக என் கண் முன்னால்தான் இருந்தது, அழுக்கேறிய பொடி ஆங்கில எழுத்தை யார் படித்தார்கள்? முந்தின நாள் அதன் மேல் யாரோ சந்தனத்தை அப்பியிருந்தார்கள். துடைத்ததும் மேலே இருந்தது போய், வெட்டிய எழுத்துகளுக்குள் புகுந்த சந்தனம் மட்டும் நின்றது. ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே என்று எழுதியிருந்தது. உடனே ஜெட்டைப் பிரித்தேன். ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் புஷ் கரியாகக் கிடந்தது. அது தண்ணீரிலேயே வழுக்கி ஓடுகிற ரப்பர். எண்ணெயும் கிரீஸும் அதற்குக் கிடையாது, தண்ணீர்தான் எண்ணெய்.

அதிகாரி வந்து பார்த்தார். "பழைய படகுய்யா, உள்ள இருக்கிறது எல்லாம் உளுத்துப்போச்சு. அப்படியே எழுதிக் குடு, ஏலத்துக்கு அனுப்பிடலாம்" என்றார். நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். தலையாட்டியிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். ஆனால் படகு போய்விடும். அக்கரையில் ஆடிய அந்தத் துண்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"படகு நல்லாத்தான் சார் இருக்குது. நான்தான் எரிச்சிட்டேன்" என்றேன். பட்டறையே கேட்டது. நேற்று கை தட்டியவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். தீபாவளி வரைக்கும் நீங்கள் கொடுத்த நாள் இன்னும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கருகின புஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

திருப்பதியில் ஏறி இறங்காத ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லை. எல்லா இடத்திலும் கருகின துண்டைக் கையில் எடுத்துக் காட்டி, தண்ணீர் இல்லாமல் ஓட்டிவிட்டேன் என்று நடந்ததைச் சொல்வேன். பாதிப் பேர் சிரித்தார்கள். கடைசிக் கடைக்காரர் மட்டும், இது போர் கிணற்று பம்பில் வரும் ரப்பர் மாதிரி இருக்கிறதே, என்னிடம் இல்லை, விவசாயிகளிடம் கேட்டுப் பார் என்றார். திரும்பும் பஸ்ஸில் புத்தலப்பட்டில் இறங்கினேன். மோட்டார் ரூம் கண்ட இடமெல்லாம் நுழைந்தேன். மூன்று இடத்தில் கையை விரித்தார்கள். நாலாவது இடத்தில் கரும்புத் தோட்டத்து நடுவே ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும், குடத்துத் தண்ணீரை போர் குழாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடம் காலியான பிறகுதான் சுவிட்சைப் போட்டாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் எடுக்கிற குழாய்க்குள் எதற்கம்மா தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஊத்தாம போட்டா உள்ள ரப்பரு எரிஞ்சி பூடும்ணா. கீழ இருந்து தண்ணி ஏறி வர்ற வரிக்கும் அது காஞ்சினே இல்ல சுத்தும்?" என்றாள்.

பையிலிருந்து கருகின துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். "அய்யய்ய, காய வச்சி ஓட்டிட்டியா? இன்னா வேல செய்றே நீ?" என்றாள். மெக்கானிக் என்று சொல்ல நாக்கு கூசியது. சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு படகு எதற்கு என்று கேட்டாள். அக்கரைத் துண்டைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

மோட்டார் ரூம் மாடத்தில், காகிதத்தில் சுற்றிய புது புஷ் ஒன்று இருந்தது. பம்பு எப்போது நின்றாலும் உடனே மாட்ட வேண்டுமே என்று வாங்கி வைத்தது. அதை எடுத்து என் கையில் வைத்தாள். உங்கள் பம்பு நின்றால் கரும்பு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"மழதான் வர்தே, எனக்கு இப்ப மோட்டாரு எதுக்கு? பொங்கப் பண்டிகிக்குள்ள புதுசு வாங்கியாந்து குடுத்துடு" என்றாள். என் பேரைக்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உள்ளளவு ஷாஃப்டுக்கு அச்சாகப் பொருந்தியது. வெளியளவு கொஞ்சம் சிறியது. அதற்கு ஒரு பித்தளை வளையம் கடைந்து இறுக்கினேன். தீபாவளிக்கு முன்பே ஏரியில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம், நிற்காமல் ஓடியது. அதிகாரி என் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

தீபாவளி கழிந்த அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அதே ஓடை, அதே ஊர். அக்கரையில் ஒரு சிறுமியைப் பாம்பு கடித்துவிட்டதாம். படகோடு போனோம். இக்கரைக் கூட்டத்தில், சந்தைக்கு வந்து ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட, போன வருடம் துண்டை ஆட்டிய அந்த மனிதரும் நின்றிருந்தார். தண்ணீருக்கடியில் எங்கே வேலி, எங்கே கிணறு என்று அவருக்குத்தான் தெரியும், கூட வர வேண்டும் என்றார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"போன வருசம் நின்னு பூட்ச்சே, அதே படவுதானே?" என்றார்.

"அதே படவுதான். என்ஜின் வேற. நான் ஒரு தடவ உள்ள ரப்பர எரிச்சிட்டேன், மறுபடி போட்டிருக்கேன். இப்ப நிக்காது" என்றேன்.

கரையில் நின்ற ஒரு பெண்ணிடம் குடத்தை வாங்கி, ஓடைத் தண்ணீரை மொண்டு, ஜெட்டின் மூடியைத் திறந்து ஊற்றினேன். படகு தண்ணீரில் மிதக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் கை கேட்கவில்லை. பூஜை செய்கிறேன் என்று நினைத்துக் கரையில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். நானும் உள்ளுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறி முன்னால் உட்கார்ந்தார். முதல் தட்டிலேயே என்ஜின் ஸ்டார்ட் ஆனது. வேலி, கிணறு, பனங்கன்று என்று அவர் கை காட்டக் காட்டப் போனோம். சிறுமியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பியதும் அவர்தான். கரையில் நின்ற ஜீப் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிழைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்னால் புது புஷ்ஷோடு புத்தலப்பட்டுக்குப் போனேன். ஓடிச்சா என்று கேட்டாள் அந்த அம்மா. ஓடியது என்றேன். சிறுமியைப் பற்றிச் சொன்னபோது புஷ்ஷை மாடத்தில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. கருகின அந்த ரப்பர் துண்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வெட்கப்பட்டு அதை அன்றைக்கு ஒளித்திருந்தால் அந்தச் சிறுமியும் போயிருப்பாளே என்று நினைக்கும்போதெல்லாம், செய்த தப்பை நாலு பேர் முன்னால் எடுத்துக் காட்ட எனக்குக் கை கூசுவதில்லை.