நாலு ஓட்டை

பவரக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது மூக்குக்கண்ணாடிக் கடையால்தான். "பவர் ஏறியிருக்கு", "பவர் இறங்கியிருக்கு" என்று இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஆனால் பெயர் நிலைத்துப்போனது அவளுடைய காரால். தெருவில் எல்லோரும் காய்கறிக் கூடை வைக்கத் தோதான கார் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவள் இரண்டே கதவும் ஆறு சிலிண்டரும் உள்ள ஒரு பந்தயக் குதிரையை வாங்கி வந்து வீட்டில் கட்டினாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. வெளிநாட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் கண்ணாடியை மாற்றிக்கொள்ள வந்து, அந்தக் கருநீல வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினார். அவருடைய இடது கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தவள் வலது கண்ணைச் சோதிக்க மறந்துபோனாள். அந்த மாதிரி வண்டி மொத்தமே சில நூறுதான் செய்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கோ, விற்றவருக்கோ அன்று தெரியாது. அம்மா வீட்டுப் பங்காகத் தம்பி கொடுத்த பணம் முழுவதும் அதில் போனது. "கண்ணாடி விக்கிறவளுக்குக் கப்பல் எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஆளுக்கொரு முறை ஏறி உட்கார்ந்தும் பார்த்தார்கள்.

அவள் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒற்றுப்பிழை ஒன்று கண்ணில் பட்டால் சாப்பாடு இறங்காது, மற்றபடி சாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கிளம்புவார்கள். ஊர் எல்லை தாண்டி நீர்த்தேக்கம் வரை போகிற வளைவுப் பாதையில் அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் அந்த வாரக் கணக்கு முடிந்தது. வண்டி தேய்ந்துவிடுமே என்ற பயத்தில் அதையும் பாதி ஞாயிறு விட்டுவிடுவாள். பத்தொன்பது வருஷத்தில் மானி பதினெட்டாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. ஒரு டாக்சிக்காரர் ஓட்டினால் நாலு மாசத்து ஓட்டம்.

இதற்கிடையில் உலகம் திரும்பிக்கொண்டது. அதே வண்டியைத் தேடி ஆட்கள் அலைய ஆரம்பித்தார்கள். குறைந்த ஓட்டம், ஒரு திருகாணிகூட மாற்றாத நிலை என்று கேள்விப்பட்டு யார் யாரோ போன் செய்தார்கள். அவள் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை.

பிடி விட்டது முழங்கால்தான். கடையில் கீழே விழுந்த ஒரு கண்ணாடித் திருகாணியைத் தேட மேசைக்கடியில் குனிந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இடது முழங்காலில் சவ்வு கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. பயிற்சி எல்லாம் முடிந்தபின் வைத்தியர், "நடக்கலாம், மாடி ஏறலாம். ஆனா இடது காலால பலமா எதையும் அழுத்தாதீங்க" என்றார். அந்த வண்டியின் கிளட்சோ பாறையை மிதிப்பதுபோல. ஒரு நாள் காலை திருட்டுத்தனமாக உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். பாதி இறங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வண்டி நாலு மாதம் நின்றது. பிறகு மூக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் மூக்கு ஒன்றும் பெரியதல்ல, மோந்து பார்த்தே எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார்.

"ரெண்டு வழி இருக்குக்கா" என்றார் அவர், வண்டியைச் சுற்றி வந்து. "ஒண்ணு, தானா மாறுற கியர்பாக்ஸ் போட்டுடலாம். அதுக்குத் தரையை வெட்டணும்."

"வெட்டறதா?"

"அப்ப இன்னொண்ணு. கியர் தண்டுல ஒரு பொத்தான். அதை அமுக்கினா உள்ள இருக்கிற சின்ன மோட்டார் கிளட்சை இழுத்துக்கும். கால் வேலையே இல்லை. எஞ்சினுக்கும் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவுல தகரச் சுவர் இருக்கு பாருங்க, அதுல நாலு ஓட்டை போட்டாப் போதும்."

"நாலு ஓட்டையா?"

"நாலே நாலு. ஆனா போட்டா போட்டதுதான். வீடு வாடகைக்கு எடுத்துட்டு ஆணி அடிச்ச மாதிரி, பின்னாடி அடைச்சாலும் தடம் தெரியும். அதையும் சொல்லிடறேன்."

அன்று முதல் பவரக்காவின் தலைக்குள் ஒரு ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது. திங்கள்கிழமை, போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். செவ்வாய்க்கிழமை தம்பி வந்தான். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், எதையும் விலை போட்டுப் பார்க்கிறவன்.

"அக்கா, உனக்குப் புத்தி இருக்கா? அதை அப்படியே வித்தா சொகுசான ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்கி, மிச்சத்துல வீட்டுக்கு இன்னொரு மாடி எடுக்கலாம். ஓட்டை போட்டேன்னா பழைய இரும்புக்கு மேல கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்."

"ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டறதும் ஒண்ணு, சோபாவுல உக்கார்றதும் ஒண்ணுடா."

"உன் வயசுக்கு சோபாதான் நல்லது."

அவனைத் திட்டி அனுப்பிவிட்டு, புதன்கிழமை அவன் சொன்னதுதான் சரி என்று நினைத்தாள். வியாழக்கிழமை, விற்கவும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம், அப்படியே நிற்கட்டும் என்று தோன்றியது. ஓட்ட முடியாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வெள்ளிக்கிழமை மறுபடி மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் படித்துக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை எடுக்காமல், "உன் இஷ்டம்மா" என்றார்.

"என் இஷ்டம் என்னன்னு தெரியாமத்தானே உங்களைக் கேக்கறேன்!"

"தெரிஞ்சதும் சொல்லு. நானும் அதுதான் சொல்வேன்."

கடையிலும் நிம்மதி இல்லை. கண் சோதிக்க வருகிறவர்கள் முன்னால் ஒரு வில்லையை மாற்றி இன்னொரு வில்லையைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு. "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று குழம்புகிறவர்களைக் கண்டால் முன்பெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது ஒரு பெரியவர் ஏழு முறை மாற்றிச் சொன்னபோது, "பரவாயில்லைங்க, மெதுவா பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டாள்.

கடைசியில், வண்டியை நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டினால் தெளிவு பிறக்கும் என்று ஒரு சேகரிப்பாளரை வரச் சொன்னாள். பழைய வண்டிகள் பதினொன்று வைத்திருப்பவர். வெள்ளைக் கையுறை, சின்ன டார்ச், பெயிண்டின் கனத்தை அளக்க ஒரு கருவி என்று ஆபரேஷனுக்கு வந்தவர்போல வந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"மேடம், இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. கதவு ரப்பர்கூட அதேதான். தயவுசெஞ்சு யாரையும் தொட விடாதீங்க. ஒரு ஓட்டைன்னாலும் இது வேற வண்டி ஆயிடும்."

பவரக்காவுக்குப் பெருமையாக இருந்தது. விற்றுவிடலாம், இப்படிப்பட்ட மனிதரிடம் இருந்தால் வண்டிக்கும் நல்லது என்று மனசு சாய்ந்தது. அவர் ஓட்டுநர் பக்கம் முடித்துவிட்டு மறுபக்கக் கதவைத் திறந்தார். கால் வைக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மிதியடி கிடந்தது. செருப்பு மண் ஒட்டாமல் இருக்க என்று சொல்லிச் சில வருஷத்துக்கு முன் வீட்டுக்காரர் போட்டது. அவர் இடத்தை அவரே துடைத்துக்கொள்வார், அவளை விடமாட்டார். சேகரிப்பாளர் அந்த மிதியடியைத் தூக்கினார்.

"ஐயையோ" என்றார்.

கீழே கம்பளத்தில் ஓர் ஓட்டை. வலது குதிகால் படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து அடித் தகரம் தெரிந்தது.

"இது எப்படி மேடம்? ஓட்டறவங்க பக்கம் புதுசா இருக்கு, சும்மா உக்கார்றவங்க பக்கம் இப்படித் தேய்ஞ்சிருக்கு?"

அவளுக்கும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று, அச்சில் தன் கையாலேயே பிழை விட்டவர்போல முழித்துக்கொண்டிருந்தார்.

சேகரிப்பாளர், அந்த நிறக் கம்பளம் இனி கிடைக்காது என்றும் யோசித்துச் சொல்வதாகவும் கூறிப் போய்விட்டார். அவள் வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"பிரேக் போட்டேன்."

"உங்க பக்கம் எங்க பிரேக் இருக்கு?"

"இல்லைதான். ஆனா நீ வளைவுல போற வேகத்துக்குக் கால் தானா அமுக்கிடுது."

"எத்தனை நாளா?"

"முதல் ஞாயித்துக்கிழமையிலேருந்து."

பக்கத்தில் அவர் நிம்மதியாகக் காற்று வாங்கிக்கொண்டு வருகிறார் என்றல்லவா பத்தொன்பது வருஷமாக நினைத்திருந்தாள்!

"பயமா இருந்தா சொல்லியிருக்கலாமே. எதுக்குக் கூட வந்தீங்க?"

அவர் விரல் நகத்தைச் சுரண்டினார். "நாள் முழுக்கக் கடையில பேசிட்டு வர்றே. வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டே. வண்டியிலதான் என்கிட்ட பேசுவே. அதான்."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, குறையாக எடுத்துக்கொள்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. இப்போது முன்னைவிட மோசமாகிவிட்டது நிலைமை. பொத்தான் போட்டால் பாவம் மனுஷன் மறுபடி நடுங்க வேண்டும்.

"அப்போ வித்துடலாமா?"

"ஐயோ, வேணாம்."

"ஓட்டை போட்டுடலாமா?"

"போட்டா நீ மறுபடி அதே மாதிரிதானே ஓட்டுவே?"

"ஆமா."

"அதான் யோசிக்கறேன்" என்றார். அன்று மாலை முழுவதும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து யோசித்தார்கள். முடிவு ஒன்றும் வரவில்லை. ஆனால் பேச்சு மட்டும் ஓய்வில்லாமல் ஓடியது. சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதுதான் அதை அவள் கவனித்தாள். அதிலும் ஒரு குழப்பம்: பேசுவதற்கு வண்டி வேண்டியதில்லையோ?

மறு வாரம் சேகரிப்பாளர் போன் செய்தார். கம்பளத்தை மன்னித்து வாங்கிக்கொள்ளத் தயார் என்றார். "மன்னித்து" என்ற அந்தச் சொல் பவரக்காவுக்கு எங்கேயோ குத்தியது. அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, யோசிக்க இடம் கொடுக்காமல் வண்டியை இழுத்துப் போகச் சொல்லி மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். இந்த முறை அவர் எடுக்கும்வரை காத்திருந்தாள்.

பட்டறைக்குப் போனபோது மெக்கானிக் தகரச் சுவரில் நாலு புள்ளி குறித்து, துளைக்கருவியைக் கையில் எடுத்திருந்தார்.

"போடட்டுமா அக்கா?"

"போடுங்க."

அவர் கருவியைக் கொண்டுபோனார்.

"நில்லுங்க."

நின்றார். அவள் வாசல்வரை நடந்து, தெருவைப் பார்த்து, திரும்பி வந்தாள்.

"சரி, போடுங்க... இல்லை, ஒரு நிமிஷம்."

மூன்றாம் முறையும் நிறுத்தியபோது மெக்கானிக் கருவியைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, இது என்னால ஆகாது. உங்க வண்டி, உங்க கால். நீங்களே போடுங்க."

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் ஓட்டை போடுவது அவளுக்குப் புதிதல்ல. விளிம்பில்லாத மூக்குக்கண்ணாடிக்கு வில்லையிலேயே துளை போட வேண்டும். மயிரிழை பிசகினால் வில்லை போச்சு. ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறாள். அவள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்தாள். புள்ளியில் ஆணிமுனையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பள்ளம் செய்தாள். துளைக்கருவி வழுக்காமல் இருக்க அதுதான் வழி. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள். கருநீலத் தூளும் வெள்ளி இழைகளும் மடியில் விழுந்தன.

முதல் ஓட்டை விழுந்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வருத்தமும் வரவில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான். இன்னும் மூணு இருக்கு" என்றார் மெக்கானிக்.

மூன்றையும் அவளே போட்டாள். துருப் பிடிக்காமல் இருக்க விளிம்பில் தூரிகையால் பெயிண்ட் தொட்டு வைத்தாள்.

பொத்தானோடு வந்த வண்டி முதல் நாள் அவளைப் படாதபாடு படுத்தியது. விரலைச் சீக்கிரம் எடுத்தால் குதித்து அணைந்தது, மெதுவாக எடுத்தால் நகராமல் உறுமியது. சந்தைப் பக்கத்து மேட்டில் மூன்று முறை அணைந்து, பின்னால் நின்ற பேருந்துக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "தப்புப் பண்ணிட்டேன், தப்புப் பண்ணிட்டேன்" என்று அவள் புலம்ப, வீட்டுக்காரர், "பொறுமையா விடும்மா, பொறுமையா" என்று தன் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். ஒரு மாதத்தில் விரல் பழகிவிட்டது. இனி தேய்ந்தால் என்ன என்று தோன்றியதால் ஞாயிறோடு சனியும் சேர்ந்துகொண்டது. போகிற தூரமும் கூடியது. நீர்த்தேக்கத்தைத் தாண்டி அந்தச் சாலை எங்கே போகிறது என்றே அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

ஆனாலும் கடையில் ஆளில்லாத மதிய வேளைகளில் சில சமயம் திடீரென்று ஒரு சந்தேகம் வரும். அவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு பொழுதில் கெடுத்துவிட்டோமோ? அடுத்த நிமிஷமே, பத்தொன்பது வருஷம் ஆசை தீர ஓட்டாமல் வைத்திருந்ததுதான் கெடுத்ததோ என்றும் தோன்றும். எது சரி என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடுவதில்லை.

ஆண்டு இறுதியில் தம்பி காப்பீட்டுப் படிவத்தோடு கடைக்கு வந்தான்.

"இங்க பாரு அக்கா. வண்டியின் நிலை: அசல், மாற்றப்பட்டது. ரெண்டுல ஒண்ணு டிக் பண்ணணும். மாற்றப்பட்டதுன்னா மதிப்பு பாதிதான் போடுவாங்க. என்ன போடட்டும்?"

"உள்ளதைப் போடு."

அவன் டிக் செய்துவிட்டுப் பேனாவை மூடினான். "இப்பவாவது சொல்லு. வித்திருக்கலாம்னு தோணுதா, இல்லையா?"

பவரக்கா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியலைடா" என்றாள். "நாளைக்கு நீர்த்தேக்கத்தைத் தாண்டி மலைப்பக்கம் போறோம். வர்றியா? பின்னாடி சீட்டு சின்னதுதான், காலை மடக்கி உக்காந்துக்க."