அக்கா ஓடவில்லை

அக்கா பரமபதம் அடைந்து இந்தத் தையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர் அனைவரும் அவருடைய பொறுமையைப் புகழ்வீர்கள். உடன்பிறந்த நானோ அந்தப் பொறுமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது மேலுகோட்டையில். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பங்குனித் தேரன்று பெருமாளை அருகில் சேவிக்க வேண்டுமென்று நான் பாவாடை கிழியக் கூட்டத்தில் முண்டியடிப்பேன். அக்கா ஒரு தெருமுனையில் கைகூப்பி நிற்பார். ஒரு வருஷம் வடம் அறுந்து, தேர் அவர் எதிரிலேயே நின்றுவிட்டது. அவர் கண்குளிரச் சேவித்தார். எனக்குக் கிடைத்தது பிறர் முதுகுகள்தாம். "அவளைப் பார்த்துக் கத்துக்கோடி" என்று அம்மா சொன்னபோது அழுகையே வந்துவிட்டது.

பதின்மூன்று வயதில் மணமாகி அக்கா மைசூருக்கு வந்தார். அத்திம்பேருக்கு அரண்மனைக் கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம். ஒரே பிள்ளையை நாலு வயதில் ஜுரத்துக்குப் பறிகொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் அத்திம்பேரும் போய்விட்டார். அதற்குள் நானும் மைசூரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் கணவர்தாம் நேரில் போய் அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். சில மாதங்களில் வீடே அக்காவுடையதாகிவிட்டது. மாமியார் என்னிடம் வேலை சொல்வார். அக்காவிடம் மனம்விட்டுப் பேசுவார். என் மகள் வேதாவும் அவர் பின்னாலேயே திரிவாள்.

ஆறு வயதில் வேதாவுக்கு விஷஜுரம் கண்டது. "ஏனூ பய இல்லம்மா" என்று கன்னடத்தில் தைரியம் சொன்ன டாக்டர், மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், கஞ்சித்தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்றார். காத்திருக்கத்தான் எனக்குத் தெரியாதே! நாட்டு வைத்தியர், மந்திரித்த கயிறு, சாமுண்டி மலைப்படி என்று அலைந்தேன். நஞ்சன்கூட்டுச் சிவன் நோய் தீர்ப்பார் என்று கேட்டு, வைஷ்ணவ வீட்டுப் பெண்ணான நான் அங்கும் ரயிலேறினேன். அக்கா குழந்தையின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஈரத்துணியை மாற்றுவார், பெருமாள் நாமத்தை முணுமுணுப்பார். வேறொன்றும் செய்யவில்லை.

நஞ்சன்கூட்டு விபூதியோடு நான் திரும்பிய மத்தியானம் ஜுரம் இறங்கியிருந்தது. ஆசையோடு தூக்கப் போனேன். வேதா முகத்தைத் திருப்பி அக்காவின் மடியில் புதைத்துக்கொண்டு, "பெரியம்மா" என்றாள்.

வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன். "உனக்குன்னு ஒண்ணும் இல்லேன்னு என் கொழந்தையை எடுத்துண்டுட்டியா? நான் ஊரெல்லாம் அலையறேன். உனக்கு உக்காந்த எடத்துலயே எல்லாம் கெடைச்சுடறது!"

அக்கா குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "என் பிள்ளைக்கு ஜுரம் வந்தப்போ நானும் ஓடினேன்டி. கோயில் கோயிலா ஓடினேன். பிரசாதத்தோட திரும்பறதுக்குள்ளே எல்லாம் முடிஞ்சுபோச்சு. கடைசிவரைக்கும் 'அம்மா எங்கே'ன்னு கேட்டுண்டே இருந்தானாம். பெருமாள் செய்யறதை அவர் செய்வார். கொழந்தை கேக்கறச்சே நான் பக்கத்துல இருக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"இத்தனை நாள் ஏன்க்கா எங்கிட்டே சொல்லலே?"

"நீ எங்கேடி நின்னே, சொல்றதுக்கு?"

வேதாவை மெதுவாக என் மடிக்கு மாற்றினார். "அசையாம உக்காரு. அவளே ஒட்டிப்பா." கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் தூக்கக் கலக்கத்தில் அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு நான் திருந்திவிட்டதாக நினைக்க வேண்டாம். நானும் ஏகாதசி தவறாதவள்தான். ஆனால் வேண்டிக்கொண்ட மறுநிமிஷமே வாசலைப் பார்ப்பேன். அக்கா ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த நிம்மதி எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மனம் வெந்துகொண்டேதான் இருந்தது.

போன வருஷம் மார்கழியில் பக்கவாதம் வந்து அக்கா படுத்துவிட்டார். நாள்தோறும் வந்து பார்த்த டாக்டருக்கும், கேட்காமலே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களுக்கும், மேலுகோட்டைத் திருநாராயணன் தீர்த்தம் கொண்டுவந்த பட்டர் ஸ்வாமிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தன் புகுந்த வீட்டிலிருந்து ஓடிவந்து இருபது நாள் பணிவிடை செய்த வேதாவுக்கும் தாயென்ற முறையில் நன்றி சொல்கிறேன்.

கடைசித் தீர்த்தத்தோடு நானும் வேதாவும் அருகில் இருந்தோம். அக்காவின் கண்கள் வேதாவைத்தான் தேடின. அவள் கையால்தான் வாங்கிக்கொண்டார். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.