நான் கண்டுபிடித்த இழுவை மிட்டாய்

நம் கையெழுத்துப் பத்திரிகை படிக்கும் நாமக்கல் தாலுக்கா பெருமக்கள் கவனத்துக்கு... எங்கள் வீட்டு கோகோ டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கடைசித் தூள், நேற்று மாலை காலமானது. அடக்கம் என் நாக்கில் நடந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கையில் கொஞ்சம் கடலையோடு வரவும்.

சிரிக்காதீங்க. மூடியைத் திறந்ததும் அந்த வாசம்... வறுத்த வாசமும் கசப்பும் கலந்து... மூணு வருஷம் கழித்தும் அப்படியே இருந்தது.

அப்போது எனக்குப் பதிமூணு வயசு. சண்டைக் காலம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அண்ணன் கொண்டுவந்த டப்பா அது. பாலில் கலந்து குடிக்கணுமாம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, யாருக்கு என்ன நோவு என்று கேட்டாள்.

அக்காவுக்குத்தான் அந்த யோசனை. இதைக் கடலை மிட்டாயில் போட்டால்? மறுநாள் அண்ணன் சேலம் போய் ரயிலேறணும். நாலு நாள் பயணம். மிட்டாய் கெட்டியாக இருந்தால்தான் போய்ச் சேரும்வரை தாங்கும்.

கடலையை வறுத்து, தேய்த்து, தோலை ஊதினது நான். ஊதும்போது வாய் திறந்துதானே இருக்கும்... பாதிக் கடலை உள்ளே போனது.

அக்கா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெல்லப் பாகைக் கிண்டினாள். அவள் முதுகுக்குப் பின்னால் பதம் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்து, பித்தளைத் தட்டில் போடணும். சத்தம் வந்தால் இறக்கலாம். வராவிட்டால் இன்னும் காயணும்.

"நல்லாக் கேட்டியா சாமி? டங்குன்னு வரோணும்."

"வந்துருச்சுக்கா."

இறக்கினாள். வெண்ணெய், கோகோ, கடலை எல்லாம் போட்டுக் கிளறி, தட்டில் கொட்டித் துண்டு போட்டாள். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி ஒரு தகர டப்பா நிறைய அடுக்கினாள்.

மிச்சம் எனக்கு. கடித்தால் உடையவில்லை. இழுத்தால் வந்தது. மெல்ல மெல்ல மெல்ல வேண்டிய மிட்டாய்! மறுநாள் நம் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்து, இழுவை மிட்டாய் என்று பேரும் வைத்து, கண்டுபிடித்தது நான்தான் என்று காலரைத் தூக்கிவிட்டேனே... ஞாபகம் இருக்கா?

ஒரு மாசம் கழித்து அண்ணன் கடிதம் வந்தது.

"கூட்டாளிக எல்லாரையும் கூட்டி வெச்சுத்தான் டப்பாவத் தொறந்தேன். முட்டாயும் காயிதமும் ஒரே கட்டியாக் கெடந்துச்சு. பொறவென்ன, காயிதத்தையும் சேத்துத் தின்னோம்."

அதை நான்தான் சத்தமாகப் படித்தேன். காகிதம் தின்கிற மாதிரி வாயைக் கோணிக் காட்டிக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

அண்ணன் பட்டாளத்தை விட்டு வந்தாச்சு. அவனுக்கு அந்த மிட்டாயே மறந்துபோச்சு. ஆனால் அக்கா அதற்கப்புறம் பாகுக் கரண்டியைத் தொடவே இல்லை. மீதிக் கோகோ அலமாரியிலேயே கிடந்தது. போன வாரம் கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்க அம்மா கூப்பிட்டபோதும், "எனக்குப் பாகு கைவராதும்மா, நீயே பாரு" என்று தேங்காய் கீறப் போய்விட்டாள்.

தை பிறந்தால் ஆத்தூருக்கு வாக்கப்பட்டுப் போகிறாள். மாமியாரிடமும் இதையேதான் சொல்வாள்.

அதனால் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தட்டு சத்தம் போடவே இல்லை. மூணு தரம் போட்டுப் பார்த்தேன், மூணு தரமும் சொத்தென்று விழுந்தது. எனக்கோ சட்டியை வழித்து நக்க அவசரம். பக்கத்திலிருந்த காலிச் சொம்பை நகத்தால் சுண்டினேன். டங்.

நான் கண்டுபிடித்தது அந்தச் சத்தத்தை மட்டும்தான். அக்காவின் கையில் ஒரு குறையும் இல்லை.

நம் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம்... இந்த இதழைச் சுற்றுக்கு விடும்போது முதலில் எங்கள் வீட்டுக்கு அனுப்பவும். அக்கா பேர் போட்டு. நேரில் சொல்லலாம் என்று நேற்றுகூட இரண்டு தரம் அடுப்படி வரை போனேன். அந்த மிட்டாயைத் தின்ற மாதிரி வாய் ஒட்டிக்கொள்கிறது.