லீவு எடுக்காத காயம்

என் உத்தியோகத்தை உறவுக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. தொழிற்சாலையில் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலம், சுற்றுச்சூழல் மூன்றையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரி என்று சொன்னால், கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒருவர் "ஓ, செக்யூரிட்டியா?" என்பார். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது வருவதில்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி கையைக் காட்டினால் லாரியாவது நிற்கிறது. நான் சொல்லி எங்கள் தொழிற்சாலையில் நின்றது கழிவறைக் குழாயில் சொட்டிய தண்ணீர் மட்டும்தான்.

ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு, ஸ்டேஷன் வாசலிலிருந்து கம்பெனி பஸ். கார் பாகங்களுக்காக இரும்புத் தகட்டை மேலிருந்து ஓங்கி அழுத்தும் பிரஸ் மெஷின்கள் எங்களிடம் வரிசையாக நிற்கும். காதில் அடைப்பான் போடுங்கள், பழைய எண்ணெயை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள், தீயணைப்பு உருளைக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்காதீர்கள் என்று நாள் முழுக்க நச்சரிப்பதுதான் என் வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் பெரிய பலகை ஒன்று உண்டு. கடைசி விபத்து நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்று தினமும் அதில் எண்ணை மாற்றுவார்கள். காலையில் ராசிபலன் பார்ப்பவர்களைப் போல எங்கள் பிளான்ட் ஹெட் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார்.

ஆயுத பூஜை வந்தாலே எனக்குக் கவலைதான். பூஜை மேல் எனக்கு விரோதமில்லை. என் ஸ்கூட்டருக்கும் நான் பொட்டு வைப்பவள்தான். ஆனால் எங்கள் ஆட்கள் மெஷினுக்கு அலங்காரம் செய்ய ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது. விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, வாழைக்கன்று எல்லாம் ஏறும். மெஷினின் கண்ணுக்கும் பொட்டு வைப்பார்கள். அங்கேதான் வினை.

ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பம் நிற்கும். கம்பத்துக்குக் கம்பம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டிருக்கும். ஆளின் கை உள்ளே போனால் அந்த ஒளி மறைபடும், மெஷின் அந்த நொடியே நிற்கும். சென்சார் என்போம். அதன் கண்ணாடியில் சந்தனத்தைக் குழைத்து அப்பினால், கை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெஷின் ஓடவே ஓடாது. "கம்பத்தைத் தவிர எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்" என்று பூஜைக்கு முன்னால் ஷிப்ட் ஷிப்டாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்து என்னை அனுப்பிவிட்டு, கம்பத்துக்கும் சேர்த்து அப்பினார்கள். கை போகிற இடத்தைக் காக்கிற சாமி அது, அதற்கு வைக்காமல் எப்படி என்று சூப்பர்வைசர் பிறகு என்னிடமே கேட்டார்.

விஜயதசமி முடிந்து தொழிற்சாலை திறந்த அன்று நான் அங்கே இல்லை. மேலதிகாரிகளோடு சேர்த்து என்னையும் மகாபலிபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாதுகாப்புக் கலாச்சாரத்தை வளர்ப்பது எப்படி என்று முகாம். சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவர், கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாயுங்கள், உங்கள் சகா உங்களைத் தாங்குவார், அதுதான் நம்பிக்கை என்றார். எச்ஆர் மேனேஜர் சாய்ந்தார், தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் தாங்கினார், எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதுதான் என் போன் அடித்தது.

தொழிற்சாலையில் நடந்தது இதுதான். காலையில் பிரஸ் ஓடவில்லை. ஈரத்துணி எடுத்து அந்தக் கண்ணாடியை ஒரு துடை துடைத்திருந்தால் ஓடியிருக்கும். யாருக்கும் மனசு வரவில்லை. பூஜையில் வைத்த பொட்டைக் கையால் அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சென்சாரைத் தூங்கவைக்க ஒரு சாவி உண்டு. அது என்னிடம் இருக்கட்டும் என்று நான் கேட்டபோது, உற்பத்தி தாமதமாகும் என்று பிளான்ட் ஹெட் மறுத்திருந்தார். மராமத்துப் பிரிவு மேஜை டிராயரில் கிடந்த அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினார்கள். மெஷின் ஓடியது. சாமிக் குத்தமும் இல்லை, உற்பத்திக் குறைவும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு தகடு சிக்கிக்கொண்டது. பழக்க தோஷத்தில் ஆபரேட்டர் கையை விட்டார். நிற்க வேண்டிய மெஷின் நிற்கவில்லை.

அவர் திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். விவசாயக் குடும்பம். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் எங்களிடம் காண்ட்ராக்டில் வருடக்கணக்காக இருந்தார். பர்மனென்ட் ஆனால்தான் பெண் கொடுப்போம் என்று ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். பெண்ணுக்கும் இவரைப் பிடித்திருந்தது. ஷிப்டில் எல்லோரும் அதைச் சொல்லியே கிண்டல் செய்வார்கள், இவரும் சிரித்துக்கொள்வார்.

நானும் எச்ஆர் மேனேஜரும் காரில் போனபோது அவரை ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வைத்திருந்தார்கள். செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனால் போலீஸுக்குத் தகவல் போகும் என்று முன்யோசனை. வலது கை ஆள்காட்டி விரலின் நுனி நசுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுத்துக்கோ தம்பி. எப்படி ஆச்சு?"

"காஞ்சி கீற சந்தனத்த சொரண்டக்கூடாதுன்னாரு மேடம் சூப்பர்வைசரு. சாவி போட்டு ஓட்டச் சொன்னாங்கோ. தகடு மாட்டிகினு கீதேன்னு எடுக்கப் போனேன்."

விரலைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் கொஞ்ச நாளைக்குக் கையை அசைக்காமல், அழுக்குப் படாமல் வீட்டில் ஓய்வெடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அதை எச்ஆர் மேனேஜரும் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போனால், பயிற்சி அறையில் கையில் கட்டோடு அந்தத் தம்பி உட்கார்ந்திருக்கிறார்.

தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். காயம்பட்டவர் இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் நிர்வாகம் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பலகையில் எண் பூஜ்யத்துக்கு இறங்கும். அவர் வந்துவிட்டால்? கம்பெனி காரிலேயே வீட்டு வாசலுக்குப் போய் ஏற்றி வந்தார்கள். வருகைப் பதிவுக்கு வலது விரல் உதவாது என்று இடது கைப் பெருவிரலை மெஷினில் புதிதாகப் பதித்தார்கள். நாள் முழுக்க ஏசியில் உட்கார வைத்து, பொழுது போக நான் தயாரித்த பாதுகாப்பு வீடியோக்களையே போட்டுக் காட்டினார்கள். கையை மெஷினுக்குள் விடாதீர்கள் என்று என் குரல் அந்த அறையில் திரும்பத் திரும்ப ஒலித்தது.

பிளான்ட் ஹெட்டிடம் போனேன். அவர் மரியாதை தெரிந்த மனிதர், குரலை உயர்த்த மாட்டார்.

"மேடம், அவர் தினமும் வேலைக்கு வர்றார். வேலைக்கு வர்ற ஆளுக்குப் பெரிய ஆக்சிடென்ட்னு எப்படிப் போடறது? நீங்க கொஞ்சம் எமோஷனலா பாக்கறீங்க. வெளிநாட்டு கஸ்டமர் ஆடிட்டுக்கு வர்ற நேரம் இது."

வீட்டில் இருக்க வேண்டியவர் மேடு பள்ளத்தில் ஆடி ஆடி வந்து போனார். கட்டு மாற்ற நர்சிங் ஹோமுக்கு அழைத்துப்போகும் அதே கார், ஆடிட்டர்களை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போய்விட்டது. கட்டு மாற்றவில்லை. நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். உங்கள் அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. பயிற்சி அறைக்குப் போய், "தம்பி, நாளையிலேர்ந்து வராதே. டாக்டர் சொன்னத கேளு. இத நான் கவர்ன்மென்ட்டுக்குச் சொல்லப் போறேன்" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது.

"மேடம், ஒங்க கால்ல வுழறேன். பொங்கலுக்குள்ள பர்மனென்ட் பண்றேன்னு எச்ஆர் வாயால சொல்லிக்கீறாரு. பொண்ணு வூட்லயும் சொல்டேன். ஏசில குந்திகினு கீறேன், எனக்கு இன்னா கொறச்சலு? நீங்க இன்னாத்துக்கு பேஜாரு பண்றீங்க?"

அவர் பேச்சைக் கேட்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டுமா? கட்டுக்கு மேலே மஞ்சளாகக் கசிந்திருந்தது. நான் தொழிற்சாலை ஆய்வாளருக்குப் போன் செய்தேன். ஆய்வாளர் வந்தார். பிரஸ்ஸைப் பார்த்தார். அதற்குள் கம்பம் கண்ணாடி போலத் துடைக்கப்பட்டிருந்தது. சந்தனத்தைச் சுரண்டினால் வரும் சாமிக் குத்தம் ஆய்வாளர் வருகிறார் என்றதும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பயிற்சி அறையில் அவர் அந்தத் தம்பியிடம் தனியாகக் கேட்டார். என்னையும் வெளியே நிற்கச் சொன்னார். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

"லேசா நசுங்கிச்சி சார். நான்தான் கவனமில்லாம கைய வுட்டேன். மறுநாளே வந்துட்டேன் சார். தெனம் வர்றேன்."

ஆய்வாளர் மேற்கொண்டு என்ன செய்வார்? போய்விட்டார். தொழிற்சாலையில் அன்றிலிருந்து என்னோடு யாரும் டீ குடிக்கவில்லை. அந்தத் தம்பியும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு நாள் பயிற்சி அறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. வீடியோ தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமும் கேட்காமல் ஆட்டோ பிடித்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கட்டைப் பிரித்துப் பார்த்த இளம் டாக்டர், நான் அவருக்கு அக்கா என்று நினைத்துக்கொண்டு, "ஏம்மா, இவ்வளவு முத்துற வரைக்கும் வீட்ல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று திட்டினார். வாங்கிக்கொண்டேன். விரலை அடியோடு எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த பிறகு அந்தத் தம்பி கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வராந்தாவில் போய் அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

தொழிற்சாலையில் கதை தயாராக இருந்தது. வீட்டில் மாட்டுக் கொட்டகையில் கையை வைத்திருக்கிறார், சீழ் பிடித்தது வீட்டில்தான், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை. பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஆடிட்டர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பர்மனென்ட் பேச்சு வந்தபோது என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பொதுவாக என்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். பிளான்ட் ஹெட் வழக்கம்போல் அமைதியாகக் கேட்டார்.

"மேடம், இந்தத் துறைக்குப் படிச்சவங்க நீங்கதான். ஆள்காட்டி விரல் இல்லாத ஒருத்தரை பிரஸ்ல நிறுத்தலாமா? பாதுகாப்பா?"

"பிரஸ்ல வேண்டாம் சார். அவரை இன்ஸ்பெக்‌ஷன்ல போடுங்க, ஸ்டோர்ல போடுங்க. பத்து வேலை இருக்கு. நம்மளாலதான் விரல் போச்சு, அவரை வெளிய அனுப்பறது அநியாயம்."

'பிரஸ்ல வேண்டாம்' வரைக்கும் எச்ஆர் மேனேஜர் எழுதிக்கொண்டார். மிச்சத்துக்குப் பேனாவை மூடிவிட்டார். நான் மேஜையைத் தட்டிக் கத்தினேன். "மேடம், தண்ணி குடிங்க" என்றார் பிளான்ட் ஹெட். அந்த ஒரு வரியைக் காட்டி அவரை வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். என் சொல்லை ஒருமுறையாவது கேட்டுவிட மாட்டார்களா என்று எத்தனையோ வருடம் ஏங்கியிருக்கிறேன். கடைசியில் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். கிளாஸை இடது கையில் வைத்திருந்தார். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவரே கிட்டே வந்தார்.

"ஒரு வெரலு இல்லனா மெஷின்ல வுடக்கூடாதுன்னு நீதான் சொன்னியாமே?"

"பிரஸ்ல வேணாம்னேன் தம்பி. வேற வேலை குடுங்கன்னும் சொன்னேன். அத அவங்க உங்கிட்ட சொல்லலியா?"

"இன்ஸ்பெக்டர இட்டாந்தது?"

"அது நான்தான்."

"அத்தயும் எனக்கோசரந்தான்னு சொல்லுவ."

அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"நீ எனக்கோசரம் ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தா, இந்நேரம் எனக்குக் கண்ணாலம் ஆகியிருக்கும் மேடம்."