முந்திரிக் கோழியும் பேசாத அக்காவும்

எல்வனீஸ் ஹைட்டி நாட்டின் வடகரை ஊரான கேப் ஹைட்டியனில் பிறந்து, முந்திரிப் பருப்பு போட்ட கோழிக்குழம்பில் வளர்ந்து, ஒரு நாள் ஒஸ்னெல் என்ற தெற்கத்தி லாரிக்காரனோடு ஓடிப்போனவள். ஒஸ்னெல் நல்லவன்தான். கோழியில் முந்திரி போட மட்டும் விடமாட்டான். "இது குழம்பா, பலகாரமா?" என்பான். தலைநகரில் பழைய துணி விற்றுக் குடித்தனம் நடத்திய எல்வனீஸ், ஞாயிறுதோறும் வெறும் குழம்பைக் கிண்டியபடி வடக்கே பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு, மாதா திருவிழாவுக்கு ஊர் திரும்பினாள். அக்கா லெயோனி பேசுவாளா என்பதுதான் வழியெல்லாம் ஒரே கேள்வி.

லெயோனி பேசினாள். முற்றத்தில் கட்டியிருந்த கோழியோடு.

"ஏ கோழி, சிலருக்கு இந்த வாசல் இன்னும் ஞாபகம் இருக்கு பாத்தியா? லாரி ரிப்பேரோ என்னமோ!"

ஜாடை பேசுவதில் அந்த ஊரை அடிக்க ஆளில்லை. யாரைக் குத்துகிறோமோ அவரைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். எல்வனீஸும் அந்த ஊர்க்காரிதானே!

"கோழியம்மா, வந்தவளுக்கு ஒரு வாய் காப்பி தரச் சொல்லேன்."

காப்பி வந்தது. கோழிக்கு முன்னால் வைக்கப்பட்டது.

பிறகு கோழி சட்டிக்குப் போய்விட்டது. தூதுக்கு ஆளில்லாமல் லெயோனி உரலை முறைத்தாள். பூண்டும் மிளகாயும் அடி வாங்கின.

எல்வனீஸ் தானாகவே அடுப்பில் தகரத்தை வைத்து, முந்திரிக்கொட்டைகளை ஓட்டோடு கொட்டினாள். சிறுமியாக இருந்தபோது அது அவள் வேலை. கொட்டைகள் எண்ணெய் கக்கிச் சீறின. அந்த வாசனையில் கிறங்கி, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க மறந்தாள். அங்கே பிறந்த எவளும் மறக்காத விஷயம். கடல்காற்று திரும்பி, ஓட்டு எண்ணெயின் காரப் புகையை அவள் முகத்தில் அடித்தது.

"அடியே எல்வனீஸ்! அந்தப் பக்கம் நிக்காதடி, கண்ணு அவிஞ்சிரும்!"

இது உரலுக்குச் சொன்னதல்ல. லெயோனி ஓடிவந்து அவளை இழுத்து, பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்தாள். திறந்த வாய் மூடவில்லை. ஓடிப்போனது, கல்யாணத்துக்குக் கூப்பிடாதது, ஒரு சேதி கூட அனுப்பாதது, எல்லாம் வரிசையில் வந்தன.

"எலும்பா நிக்கிற. அங்க சோறு போடலயா?"

"கோழில முந்திரி போடலக்கா."

"காட்டுப் பயலுக!"

உடைத்தெடுத்த பருப்பு குழம்பில் வெந்து மெத்தென்றாகும்வரை திட்டும் கொதிக்கும் போலிருந்தது. எல்வனீஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டே, அக்கா பார்க்காத நேரம் அடுப்பிலிருந்து இரண்டு கரித்துண்டுகளை வெளியே இழுத்துப் போட்டாள். குழம்பு மெதுவாகவே வேகட்டும்.