தீர்மானத்தின் இரண்டாவது வாக்கியம்

ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர், "எங்கன்னு சொல்லு, நானே டிரைவ் பண்ணி கொண்டுபோய் விடறேன்" என்றார். சொன்னபடியே ஒரு வருடமாக விட்டுக்கொண்டும் இருந்தார். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஜெர்சி சிட்டியிலிருந்து நாற்பது நிமிடம். செங்கல் கட்டடம், மர பெஞ்சுகள். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஆராதனை அப்படித்தான்: சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து ஏதாவது தோன்றினால் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லலாம். பாளையங்கோட்டையில் மைக் செட்டோடு கும்பிட்டு வளர்ந்த எனக்கு முதல் வாரம் கரண்ட் போய்விட்டதோ என்றுதான் பட்டது.

ஆனாலும் ஒட்டிக்கொண்டேன். பக்தியால் என்று சொன்னால் பொய். போர் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறவர்கள் இவர்கள். எனக்கோ உலகத்தைத் திருத்துவதில் அபார ஆர்வம். அகதிகளுக்காக ஒரு மனு, எல்லைகளைத் திறக்கச் சொல்லி ஒரு மனு என்று எது வந்தாலும் ஜெர்மனியில் இருக்கும் என் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சைன் பண்ணு" என்பேன். அவனும் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்புவான். ஐரோப்பா மறுபடி ஆயுதம் வாங்கிக் குவிக்கத் தொடங்கியதும், அங்கிருக்கும் குவேக்கர்களுக்கு ஆதரவாக எங்கள் கூட்டம் ஒரு தீர்மானம் எழுதத் தீர்மானித்தது. எழுதும் கமிட்டியில் நானும் இருந்தேன்.

முதல் வாக்கியம் நாங்கள் சமாதானத்தை விரும்புவதாகச் சொன்னது. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவது வாக்கியம் என்னுடையது: 'ஆயுதத் தொழிலில் இருப்பவர்கள் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு அந்த வேலையை விட்டு விலக வேண்டும்.' எழுதி முடித்ததும் எனக்கே மெய்சிலிர்த்தது.

அந்த வாரம்தான் தம்பி கூப்பிட்டான். கார் கம்பெனியில் அவன் வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. "யக்கா, வேல கெடச்சிட்டு!" குரலில் அவ்வளவு சந்தோஷம். என்ன கம்பெனி என்று கேட்டேன். பீரங்கி வண்டிக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனி. வாழ்த்துச் சொல்லிவிட்டு மற்றதை அப்புறம் பேசியிருக்கலாம். நான், "உனக்கு வெக்கமா இல்லியால? நாலு பேரக் கொல்ற வேல செஞ்சா பிள்ளைக்குச் சோறு போடப் போற?" என்றேன்.

போனை வைத்துவிட்டான். அதன் பிறகு மூன்று வாரம் எந்த மெசேஜுக்கும் பதில் இல்லை. கட்டைவிரல்கூட வரவில்லை. சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் எத்தனையோ சண்டை. ஒரு நாளும் அவன் பேசாமல் இருந்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மாதாந்தரக் கூட்டம் வந்தது. குவேக்கர்கள் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. ஒரே ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் தீர்மானத்தை நிறுத்தி வைத்துவிட்டு எல்லோரும் மறுபடி மௌனமாக உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி என் கணவரிடம் நான் பெருமையடித்துக்கொள்ளாத நாளில்லை. கூட்டத்தை நடத்தும் அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு வாக்கியங்களையும் நிதானமாக வாசித்துவிட்டு, "எல்லோருக்கும் சம்மதமா?" என்று கேட்டார். எல்லாத் தலைகளும் ஆடின. நான் எழுந்தேன்.

"இரண்டாவது வாக்கியத்துக்கு என்னால் சம்மதிக்க முடியவில்லை."

முன் பெஞ்சிலிருந்து ஒரு முதியவர் திரும்பினார். "நல்ல வாக்கியமாயிற்றே. அதை எழுதியவர் கொஞ்சம் விளக்கலாமே?"

"எழுதினதும் நான்தான்" என்றேன்.

வேறு எந்தச் சபையாக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பத்து நிமிடம். என் வயிறு போட்ட சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும். பிறகு அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, "இந்த வேலையில் இருக்கிற யாரிடமாவது நாம் கேட்டோமா?" என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டுவந்து வாக்கியத்தைத் திருத்தும் பொறுப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

கணவர் கார் கொண்டுவர இன்னும் நேரம் இருந்தது. பார்க்கிங் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். மூன்றாவது தடவை எடுத்தான்.

"எங்க மீட்டிங்ல ஒரு தீர்மானம் எழுதுதோம். ஆயுதக் கம்பெனில வேல பாக்கவங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றேன்.

"மீட்டிங் கேக்குதா, நீ கேக்கியா?"

"நான்தாம்ல."

"நீ அனுப்புன எல்லாத்துலயும் சைன் பண்ணிருக்கேங்க்கா. ஆயுதம் வாங்காதீங்கன்னு அனுப்புனியே, அதுலகூட. வேல இல்லாம வீட்ல உக்காந்துதான் பண்ணேன். விசா முடிய எத்தன நாள் இருக்குன்னு தெனமும் காலண்டரப் பாத்துட்டு கெடந்தேன். அந்த எட்டு மாசத்துல, எப்படில இருக்கன்னு ஒரு தடவ கேட்டியா?"

கேட்கவில்லை. யாரோ முகம் தெரியாத அகதிக்காக அவனிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன். அவனைப் பற்றிக் கேட்கவில்லை. வேலை, டிரெயின், குழந்தையின் பரீட்சை என்று என் பக்கத்து நியாயம் நாக்கு நுனி வரை வந்தது. வெட்கத்தோடு அதை விழுங்கினேன்.

"இப்ப கேக்கேம்ல" என்றேன். "சொல்லு."

அவன் சொல்ல ஆரம்பித்தான். கணவரின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்க வந்தவர், நான் கையைக் காட்டியதும் இன்ஜினை அணைத்துவிட்டார். தம்பி முக்கால் மணி நேரம் பேசினான். நான் பேசாமல் இருப்பதை என் கணவர் அன்றுதான் முதல்முறையாக நேரில் பார்த்தார்.